தேநீர் நேரத்தில் யாரும் கேட்காமல் போன வாக்கியம்

அனுப்புநர்:
இஸ்திரிக் கடை அம்மா
(தெருவில் எல்லோரும் இப்படித்தான் அழைப்பார்கள், தபால்காரர் உட்பட),
சமுதாயக் கூடத்துக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
உயர்திரு வேலைவாய்ப்பு அலுவலர் அவர்கள்,
வேலைவாய்ப்பு அலுவலகம், முதல் மாடி.

பொருள்: சமுதாயக் கூட வாசலில் தங்கள் அலுவலகம் வைத்துள்ள மூன்று நிறப் பலகையின் காரணமாக, என் மருமகள் நகரப் பேருந்து ஓட்டுநர் வேலையில் சேர்வது தடைபட்டிருப்பது – தாங்கள் கூட்டத்தில் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை என் மகனிடம் மறுபடி ஒருமுறை சொல்லக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மேற்படி பலகை. கடையில் இருந்தபடியே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனுதான். ஆனால் புகார் எழுதுகிறவர்களுக்கு இருக்க வேண்டிய கோபம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். கடை நடக்கிறது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. கணவர், மகன், மருமகள், நான் என நான்கு பேரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருகிறோம். இப்படிப்பட்ட வீட்டில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் சிக்கிய மாதிரி நிற்கிறது, அதை எடுத்துவிடத் தங்களால் மட்டுமே முடியும் என்பதால் எழுதுகிறேன். 'மேற்படி', 'தாழ்மையுடன்' போன்ற சொற்கள் என் கணவர் சொல்லிக் கொடுத்தவை. மற்றதெல்லாம் என்னுடையது. எது யாருடையது என்று படிக்கும்போதே தங்களுக்குத் தெரிந்துவிடும்.

2. சென்ற மாதம் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் 'நாளைய வேலைகள்' என்ற தலைப்பில் தங்கள் அலுவலகம் ஒரு கூட்டம் நடத்தியது. தாங்களே வந்து பேசினீர்கள். நன்றாகவே பேசினீர்கள். எங்கள் கூடத்தில் பேச வருகிறவர்கள் பொதுவாக மைக்கைத் தட்டிப் பார்ப்பதிலேயே பாதி நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். தாங்கள் அப்படிச் செய்யவில்லை. போகும்போது வாசலில் ஒரு பெரிய பலகையையும் வைத்துவிட்டுப் போனீர்கள். பச்சைக் கட்டத்தில் நிலைக்கப்போகும் வேலைகள், சிவப்புக் கட்டத்தில் இயந்திரம் எடுத்துக்கொள்ளப்போகும் வேலைகள், நடுவே மஞ்சளில் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாத வேலைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு படம். படம் நன்றாக வந்திருந்ததால் தெருவில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

3. அன்று முதல் எங்கள் தெருவில் மனிதர்களுக்கு நிறம் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் முன்பெல்லாம் வீட்டுக்காரர் "எத்தனை பேரு?" என்றுதான் கேட்பார். இப்போது "நீங்க பச்சையா, சிவப்பா?" என்று கேட்கிறார். சலூன்காரர் பச்சை. வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நாற்காலி காலியாக இருக்கும்போதே "நாளைக்கு வாங்களேன்" என்கிறார். வங்கியில் காசாளராக இருக்கும் எதிர்வீட்டுத் தம்பி சிவப்பு. பாவம், கொஞ்ச நாள் தேய்க்கச் சட்டையே கொடுக்கவில்லை. பிறகு அவர் மனைவி துணி மூட்டையோடு வந்து, "சிவப்பா இருந்தா என்னக்கா, சட்டை வெள்ளையாத்தானே போகணும், நல்லாத் தேய்ச்சுக் குடுங்க" என்றாள். அந்தப் பெண்ணின் தைரியம் எனக்குப் பிடித்தது. பிள்ளைகளின் ஓடிப்பிடி விளையாட்டில் பிடிபடுகிறவனுக்கு இப்போது சிவப்பு என்று பெயர். வேலைவாய்ப்பு அலுவலர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சிலர் பலகையில் விரல் வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று கணவர் சொன்னதால் எழுதினேன்.

4. என் தொழில் மஞ்சளில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைக் கைப்பிடியோடு அழகாக வரைந்திருக்கிறார்கள். மஞ்சளில் எனக்குப் பரம திருப்தி. நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்பது கடை திறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அரசாங்கம் இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தெரு ஆசிரியையும் மஞ்சள்தான். துணி கொடுக்க வரும்போதெல்லாம் "நம்ம கட்சி எப்படிப் போகுது?" என்று கேட்டுச் சிரிப்பார். ஆகவே எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை.

5. கேட்பது என் மருமகளுக்காக. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய வண்டிமேல் பைத்தியம். பேருந்தில் ஏறினால் சன்னலோர இடம் தேட மாட்டாள், ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டுநர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். என் மகனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் ஒத்திகையெல்லாம் பார்த்தோம். ஒன்றும் தேவைப்படவில்லை. அவனே அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்விட்டு, மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்து, கூட்டி வருவான். பெரிய வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அவள் நிறுத்திக் காட்டிய அன்று, வீட்டுக்கு வந்து முறத்தையும் துடைப்பத்தையும் வைத்து எங்களுக்கு விளக்கிக் காட்டியது அவன்தான். தேர்விலும் தேறினாள். பணி ஆணை வீட்டுக்கு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சீருடைக்கு அளவு கொடுத்துத் தைத்தும் வாங்கிவிட்டோம்.

6. அதற்கு மறுவாரம்தான் தங்கள் கூட்டம். ஓட்டுநர், சிவப்புக் கட்டத்தில் மேலிருந்து முதல் பெயர். கூடவே பேருந்துப் படம், அதன் சன்னலில் ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. என் மகன் குழாய் வேலை செய்பவன். பச்சைக் கட்டத்தில் இரண்டாவது பெயர். அன்று கூட்டம் முடிந்து அவன் வீட்டுக்கு நடந்து வந்த நடையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தேர்தலில் ஜெயித்தவன்கூட அந்த நடையிடம் தோற்றுப்போவான். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பத்து வருஷத்துல பஸ்ஸு தானா ஓடப்போகுது. போகப்போற வேலைக்கு எதுக்கு இவ போய்ச் சேரணும்? என்னோட வரட்டும். ரெண்டு பேரும் பச்சையில இருப்போம்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவனுக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

7. மருமகளும் பாவம், அவன் மனது நோகக் கூடாது என்று கொஞ்ச நாள் அவனோடு வேலைக்குப் போனாள். தங்கள் பலகையை நம்பி நிறம் மாறப் பார்க்கிறவர்களுக்கு உதவும் என்பதால் அதன் பலனையும் தெரிவித்துவிடுகிறேன். ஒரு வீட்டில் புதுக் குளியலறை. குழாய்கள் சுவருக்குள் போவதற்கு முன்னால் எது எங்கே என்று இவள் பார்த்து இணைத்தாள். வெந்நீர்க் குழாய் போய்ச் சேர்ந்த இடம் கழிப்பறைத் தொட்டி. மறுநாள் காலை அந்த வீட்டுப் பெரியவர் என் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் பேசியதை முழுவதும் எழுதினால் மனுவுக்கு மரியாதையாக இருக்காது. "குளிக்கப் பச்சைத் தண்ணி, அங்க மட்டும் சுடுதண்ணியா?" என்றது மட்டும்தான் எழுதக்கூடியது. பச்சை என்ற வார்த்தையை அந்தக் குரலில் கேட்ட பிறகுதான் என் மகன் கொஞ்சம் அடங்கினான். சுவரை உடைத்து மறுபடி பூசிக் கொடுத்தோம். மருமகள் அன்றே கைகழுவி, "எனக்கு இது வராது அத்தை, எனக்கு வண்டிதான் வரும்" என்று சொல்லிவிட்டாள்.

8. பிறகு இருவருக்கும் வாக்குவாதம். கத்திக் கூச்சல் போடும் வாக்குவாதம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக நடந்தது. அவன் மறுபடி மறுபடி "சிவப்பு, சிவப்பு" என்றான். அவள், "சிவப்புன்னா நிக்கணும்னுதாங்க அர்த்தம். வண்டியை அங்கேயே விட்டுட்டு இறங்கி வீட்டுக்குப் போகணும்னு எந்த ரோட்டுலயும் இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. புரையேறி, தண்ணீர் குடித்து, பிறகும் சிரித்தேன். மகன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது பிடிவாதம் இல்லை, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மறுநாள் கடைக்கு வந்தவனை உட்காரவைத்துக் கேட்டேன்.

9. அவன் சொன்னதைப் புரிந்துகொள்ள என் கணவரைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரு பெரிய ஆலையில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவர். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் அவர் குரலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் தானாகவே இணைக்கும் இயந்திரம் வந்தது, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல மாதம் வரை காலையில் குளித்து, நான் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு வாசல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். எங்கும் போக மாட்டார். மகன் அப்போது பள்ளிக்கூடப் பையன். பையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் வெளியே போவான். நான் அடுப்படியில் இருந்தேன், இதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து, கடையில் உட்கார்ந்துகொண்டு, "இவளும் ஒருநாள் யூனிபார்ம் போட்டுக்கிட்டு அப்பா மாதிரி அந்த நாற்காலியில உட்காருவா. என்னால பார்க்க முடியாதும்மா" என்றான். அவன் கையில் இருந்த துணியை வாங்கி மடித்தேன்.

10. என் கணவர் பின்பக்கம் நின்று காலர் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது என்னோடுதான் வேலை செய்கிறார், காலர் என்னைவிட நன்றாகத் தேய்ப்பார். ஆனால் கடைக்குத் தொலைபேசி வந்தால் இன்னமும் "வணக்கம், யாருக்கு இணைக்கட்டும்?" என்றுதான் எடுப்பார். வாடிக்கையாளர்களில் சிலர் அதைக் கேட்பதற்காகவே அழைக்கிறார்கள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "அந்த வேலை போன கொஞ்ச நாளைத்தான்டா நீ பார்த்த. அது இருந்த வருஷமெல்லாம் எங்கடா போச்சு? அந்தச் சம்பளத்துலதான் நீ பொறந்த, படிச்ச. அவ்வளவு பேர் குரலை நான் கேட்டேன். சந்தோஷமாத்தான்டா இருந்தேன். போயிடும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் இஸ்திரிப் பெட்டியில் நெருப்பு போதுமா என்று பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

11. இப்போது தங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் தாங்கள் பேச்சை முடிக்கும் நேரம், கூடத்துக் காரியதரிசி ஓரத்து மைக்கில் "டீ ரெடி" என்று அறிவித்துவிட்டார். நாற்காலி இழுபட்ட சத்தத்தில் கூடமே எழுந்தது. நானும் எழுந்தேன், மறைக்கவில்லை. என் மகனும் எழுந்தான். உட்கார்ந்திருந்தது என் கணவர் மட்டும். எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைக்காமல் தான் வைக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் பழகிய பழக்கம், பேசுகிறவர் வாயை மூடும் வரை எங்கேயும் எழ மாட்டார். கல்யாண வீட்டு வரவேற்புரையில்கூட இதே கதைதான், நாங்கள் பந்திக்கு எப்போதும் கடைசி. அப்படி உட்கார்ந்திருந்த அவர் காதில் தாங்கள் சொன்னது விழுந்தது: "இதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ற யூகம்தான். பத்து வருஷம் கழிச்சு வர்றதுக்குப் பயந்து, இன்னைக்குக் கையில வர்ற வேலையை யாரும் விட்டுடாதீங்க."

12. இதை அவர் மகனிடம் சொன்னார். மகன் நம்பவில்லை. "அப்பா எனக்காகக் கதை கட்டுறாரு. பலகையில அப்படி ஒண்ணும் இல்லையே? அந்த ஆபீசரே என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும், நானே இவளைக் கொண்டுபோய் டிப்போவுல விடுறேன்" என்றான். அவன் சொன்ன சொல்லில் நிற்பவன். சம்மதம் இல்லாமலே மருமகள் போய்ச் சேர்ந்துவிடலாம், இந்த வீட்டில் யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அவள், "இவர் இங்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறப்ப, நான் எப்படி அத்தை அத்தனை பேரை ஏத்திக்கிட்டு நிம்மதியா ஓட்டுவேன்?" என்கிறாள். பயணிகள் நலனும் இதில் அடங்கியிருக்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இந்த வரி கணவருடையது.

13. அவளுடைய நீலச் சீருடை என் கடையில் தொங்குகிறது. கசங்கவே இல்லை. ஆனாலும் கை ஓய்ந்த நேரமெல்லாம் அதை எடுத்துத் தேய்த்துவிடுகிறேன். உடுத்தாத துணியைத் தேய்க்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. பார்க்கிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள். வாடிக்கையாளருடையது, சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் தேதி அவள் சேராவிட்டால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் பேருந்துச் சத்தம் கேட்டால் என்ன வேலையாக இருந்தாலும் கை நின்றுவிடுகிறது.

14. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது சிறியதுதான். பலகையை எடுக்கச் சொல்லவில்லை. அது நிற்கட்டும், வெயிலுக்கு அதன் நிழலில் எங்கள் தெரு நாய் படுத்திருக்கிறது. ஓட்டுநரைப் பச்சைக்கு மாற்றச் சொல்லவும் இல்லை. இயந்திரம் வரும் என்று தாங்கள் சொன்னால் வரும், படித்தவர்கள் பார்த்துத்தான் சொல்லியிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்து போயிருக்கிறது. தேநீர் நேரத்தில் யாரும் கேட்காமல் போன அந்தக் கடைசி வாக்கியம் தங்கள் வாயிலிருந்து வந்தது. அதை மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

15. அதற்காகத் தாங்கள் எங்கள் தெருவுக்கு அலைய வேண்டாம். மனு எழுதப்போகிறேன் என்றதும் மகன், "எழுதும்மா, நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்றான். காலையிலிருந்து எழுதியாச்சா, எழுதியாச்சா என்று கேட்டுக்கொண்டு கடை வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறான். வேண்டாம் என்று நினைக்கிறவன் இப்படி அவசரப்பட மாட்டான் என்பது பெற்றவளுக்குத் தெரியும். உறையை நான் ஒட்டவில்லை. வழியில் படித்தாலும் படிக்கட்டும். இதைத் தாங்கள் படிக்கும் இந்த நேரம் அவன் தங்கள் மேசைக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருப்பான். உட்காரச் சொன்னால் முதலில் தன் பேண்ட்டைக் குனிந்து பார்ப்பான், குழாய் வேலை அழுக்கு நாற்காலியில் பட்டுவிடுமோ என்று. பரவாயில்லை உட்கார் என்று இன்னொரு தடவை சொல்லுங்கள். பிறகு, அவன் கேட்டபடி அவன் முகத்தைப் பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம். அங்கே யாரும் தேநீருக்கு எழுந்து போக மாட்டார்கள்.

தங்கள் நேரத்துக்கு எங்கள் வீட்டில் நான்கு பேருடைய நன்றியும் உரியது.

இடம்: இஸ்திரிக் கடை.
நாள்: என் மருமகள் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
இஸ்திரிக் கடை அம்மா
(கையொப்பம்)

இணைப்பு: மகன்.